சுவரில் தமிழ், நூலில் ஆங்கிலம்

திருவாரூர் தியாகராசர் திருக்கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை வண்ணங்களில் விரிகிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் அந்த ஓவியங்களில், குரங்கு முகம் கொண்ட அம்மன்னன் இந்திரனுக்கு உதவி, தியாகராசரின் திருமேனியைப் பெற்றுப் பூவுலகுக்குக் கொண்டுவரும் வரலாறு வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளது. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. தீட்டிய சிங்காதனம் என்னும் ஓவியரின் பெயரும் அங்கே உண்டு. ஓவியர்கள் பெரும்பாலும் பெயரற்று மறைந்துபோன ஒரு மரபில் இது அரிய சான்று.

இந்த ஓவியங்களைப் பற்றி மிகச் சிறந்த நூல் ஒன்று 2011ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்தது. வி.கே. ராஜாமணியின் ஒளிப்படங்களும் டேவிட் ஷுல்மனின் ஆய்வுரையும் கொண்ட அந்நூலைப் பிரகிருதி அறக்கட்டளை வெளியிட்டது. பாராட்டத்தக்க பணி. ஆனால், அது ஆங்கில நூல். சுவரில் தமிழிலேயே பேசிய ஓவியம், நூலுக்குள் வந்தபோது ஆங்கிலம் பேச வேண்டியதாயிற்று. இதற்கு ஆசிரியரையோ பதிப்பாளரையோ குறை சொல்வது நியாயமாகாது. விலையுயர்ந்த ஓவிய நூலை வாங்கக்கூடிய சந்தை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்பதை அவர்கள் அறிவார்கள். அந்தச் சந்தை ஏன் தமிழில் உருவாகவில்லை என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி. பொருளாதாரத்தைக் கற்பித்தே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில், இதனை ரசனைக் குறைபாடு என்று எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இதில் ரசனையைவிடக் கணக்கின் பங்கே அதிகம்.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு-சேவை வரி மாற்றத்தில், பயிற்சிப் புத்தகங்களுக்கும் குறிப்பேடுகளுக்குமான தாளுக்கு வரி நீக்கப்பட்டது. மற்றப் பெரும்பாலான தாள் வகைகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. அச்சிட்ட நூலுக்கு வரி இல்லை என்ற நிலை தொடர்கிறது. ‘நூலுக்கு வரியில்லை’ என்ற சொற்றொடர் கேட்பதற்கு இனிமையானது. ஆனால், அது முழு உண்மை அன்று.

வரியில்லா நூலின் வரி

ஒரு பொருளுக்கு வரிவிலக்கு அளிப்பதற்கும், அதன் உற்பத்தியில் எந்தக் கட்டத்திலும் வரி தங்காமல் பார்த்துக்கொள்வதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. வரி விதிக்கப்படும் பொருளைத் தயாரிப்பவர், தாம் மூலப்பொருளுக்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம். விலக்குப் பெற்ற பொருளைத் தயாரிப்பவருக்கு அந்த உரிமை இல்லை. ஆகவே, பதிப்பாளர் தாளுக்கும் அச்சுப் பணிக்கும் செலுத்தும் வரி முழுவதும் நூலின் அடக்க விலைக்குள் புகுந்து அமர்ந்துவிடுகிறது. வாசகர் கையில் வரும் ரசீதில் அது தென்படாது. விலையில் மட்டும் இருக்கும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. அதே நூல் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானால், சட்டப்படி அது பூச்சிய வீத வழங்கலாகிறது. விலக்குப் பெற்ற பொருளாக இருந்தாலும் ஏற்றுமதி செய்பவர் உள்ளீட்டு வரி வரவைக் கோரலாம். எனவே, சிவகாசியில் அச்சாகும் ஓர் ஓவிய நூல் லண்டனுக்குப் போனால் தாளின் வரியைத் திரும்பப் பெறும். மதுரைக்குப் போனால் பெறாது. ஏற்றுமதிக்கு ஊக்கம் தருவது சரியே. உள்நாட்டு வாசகர் மட்டும் அந்தச் சுமையைச் சுமக்க வேண்டும் என்பதுதான் பொருந்தவில்லை.

அஞ்சலிலும் இதே குழப்பம் நேர்ந்தது. நூல்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய பதிவு நூலஞ்சல் சேவை 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. பிறகு 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற பெயரில் ஒரு சேவை தொடங்கப்பட்டு, 300 கிராமுக்கு 20 ரூபாய் முதல் 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரை கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது. ஓவிய நூல் என்பது ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. புத்தகக் கடையே இல்லாத சிற்றூர் வாசகருக்கு அதைக் கொண்டுசேர்க்கும் வழி அஞ்சல்தான். இடைப்பட்ட மாதங்களில் சிறு பதிப்பாளர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

இவ்வளவையும் சொன்ன பிறகு, வரிதான் தமிழ் ஓவிய நூல்களைக் கொல்கிறது என்று முடித்துவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

ஒரு கணக்கு

ஓர் ஓவிய நூலை மனத்தில் வடிவமைத்துப் பார்ப்போம். பெரிய அளவில் 192 பக்கங்கள். 16 பக்கங்கள் கொண்ட 12 பாரங்கள். நான்கு வண்ண ஆஃப்செட் அச்சு என்றால், ஒரு பாரத்தின் ஒரு பக்கத்துக்கு நான்கு தட்டுகள். இரு பக்கத்துக்கும் எட்டு. ஆக மொத்தம் 96 தட்டுகள். இவை ஒரு படி அச்சிட்டாலும் பத்தாயிரம் படி அச்சிட்டாலும் மாறாத செலவு. ஒளிப்படக் கலைஞரின் ஊதியம், விதானத்தை எட்டச் சாரம் கட்டுதல், விளக்கொளி, ஆய்வாளரின் உழைப்பு, நிறத் திருத்தம், பக்க வடிவமைப்பு, மெய்ப்பு ஆகியவையும் அப்படியே.

கணக்கின் வசதிக்காக இந்த மாறாச் செலவு பத்து லட்சம் ரூபாய் என்றும், ஒரு படிக்கு ஆகும் தாள், அச்சு, பைண்டிங் செலவு 450 ரூபாய் என்றும் கொள்வோம். இவை என் அனுமானத் தொகைகள்; முடிவின் திசையைக் காட்டவே இவற்றைப் பயன்படுத்துகிறேன். 500 படிகள் அச்சிட்டால் ஒரு படியின் அடக்க விலை 2,450 ரூபாய். 1,000 படிகளுக்கு 1,450 ரூபாய். 3,000 படிகளுக்கு ஏறத்தாழ 783 ரூபாய். விற்பனையாளருக்கு 40 சதவீதக் கழிவு தர வேண்டும் என்றால், இலாபம் எதுவும் இல்லாமலேயே அட்டை விலை முறையே சுமார் 4,080, 2,420, 1,305 ரூபாய் ஆகிவிடும்.

இப்போது வரிக்கு வருவோம். 450 ரூபாயில் தாளின் அடிப்படை விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 12 சதவீத வரி 24 ரூபாய். 18 சதவீத வரி 36 ரூபாய். கூடுதல் சுமை ஒரு படிக்கு 12 ரூபாய். அட்டை விலையில் அது 20 ரூபாயாக வெளிப்படும். பிற உள்ளீடுகளின் வரியையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடலாம். ஆனால், அச்சிடும் எண்ணிக்கையை 500-லிருந்து 3,000 ஆக உயர்த்தினால் ஒரு படியின் அடக்க விலை 1,600 ரூபாய்க்கு மேல் குறைகிறது. நோய் எங்கே இருக்கிறது என்பதை இந்த இரு எண்களும் சொல்லிவிடுகின்றன. வரி ஒரு தொல்லை. சிறிய பதிப்பெண்ணிக்கையே நோய். ஆயிரம் பக்க நாவலுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இல்லை. அதன் முதல் படிக்கான செலவு குறைவு. ஓவிய நூலுக்கோ முதல் படிதான் மலை.

அழகு என்னும் செலவு

‘இவ்வளவு செலவில் எதற்கு? சாதாரணத் தாளில் மலிவாகப் போட்டால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நாவலை மங்கிய தாளில் படித்தாலும் கதை மாறுவதில்லை. ஓவிய நூலில் அச்சுத் தவறினால் பொருளே தவறிவிடுகிறது. சுண்ணச் சாந்தின் மீது காவி மண்ணும் மஞ்சள் மண்ணும் கொண்டு தீட்டிய மரபோவியத்தின் நிறம் அடங்கிய நிறம். அதை அச்சகத்தில் ‘பளிச்’சென்று ஆக்கிவிட்டால், பார்ப்பவர் பெறுவது நாட்காட்டியின் நினைவே. படம் எடுக்கும்போதே நிற அளவுப் பட்டையைச் சேர்த்து எடுப்பதும், மெய்ப்புத் தாளைக் கோயிலுக்கே எடுத்துச் சென்று சுவரோடு ஒப்பிடுவதும், ஆடம்பரம் என்று நினைத்துவிடலாகாது. கல்வெட்டைப் படியெடுப்பவர் எழுத்து பிசகாமல் பார்த்துக்கொள்வதற்கு நிகரான கடமை அது.

வடிவமைப்பில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இப்படித்தான். திருவாரூர் விதானத்தின் காட்சிகள் நீண்ட பட்டைகளாக ஓடுபவை. ஊர்வலத்தை ஊர்வலமாகவே காண வேண்டும். நூலின் பக்கமோ சிறிய செவ்வகம். பட்டையைத் துண்டு துண்டாக வெட்டினால் கதையின் ஓட்டம் போய்விடும். இரு பக்கங்களில் விரித்தால் நடு மடிப்பு ஒரு முகத்தைப் பிளந்துவிடும். மடித்துவைத்த நீள் தாளைச் சேர்த்தால் ஓட்டம் காக்கப்படும். பைண்டிங் செலவு ஏறும். முழுக்காட்சியை ஒரு பக்கத்திலும், அதன் ஒரு பகுதியை உண்மை அளவில் எதிர்ப்பக்கத்திலும் தந்தால் வாசகர் தூரிகையின் கோட்டையே காண்பார். பக்க எண்ணிக்கை கூடும். பாரங்களைத் தைத்துக் கட்டினால் நூல் தட்டையாக விரியும். பசையால் ஒட்டினால் செலவு குறையும், சில ஆண்டுகளில் தாள்கள் உதிரும். வழவழப்பான ஆர்ட் தாள் நிறத்தை எடுப்பாகக் காட்டும். விளக்கொளியில் கண்ணைக் கூசவைக்கும். பளபளப்பில்லாத தாள் சுவரின் தன்மைக்கு நெருக்கமானது. படத்துக்கான விளக்கம் படத்தின் அருகிலேயே இருக்க வேண்டுமா, நூலின் இறுதியில் இருக்க வேண்டுமா என்பதுகூட வாசகரை மதிக்கிறோமா என்ற கேள்விதான். நல்ல வடிவமைப்பாளர் இவற்றையெல்லாம் எடைபோட்டு, செலவு செய்ய வேண்டிய இடத்தில் செய்து, வேண்டாத இடத்தில் தவிர்ப்பார். இதனால் முதல் படிக்கான செலவு ஓரளவுக்குக் கீழே இறங்கவே இறங்காது.

அச்சிடும் திறன் நம்மிடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்களை நாட்காட்டிகளாக நாடெங்கும் கொண்டுசேர்த்தவை சிவகாசி அச்சகங்கள். ஓவியத்தைப் பெருந்தொகையில் பல வண்ணங்களில் அச்சிடுவதில் அந்த நகரத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. நாட்காட்டிக்கு உறுதியான தேவை இருந்தது. வணிகர்கள் ஆண்டுதோறும் மொத்தமாக வாங்கினார்கள். ஓவிய நூலுக்கு அப்படி ஒரு வாங்குநர் வாய்க்கவில்லை. கருவியும் கைத்திறனும் உள்ள ஊரிலேயே நூல் பிறக்கவில்லை என்றால், குறை தேவையின் பக்கத்தில் இருக்கிறது.

யார் செலவைச் சுமந்தார்கள்?

இந்தியாவில் ஓவியம் நூலான வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் முதல் படியின் செலவைச் சந்தை தனியே சுமக்கவில்லை என்பது தெரியும். அஜந்தாவே சிறந்த சான்று. ராபர்ட் கில் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் படியெடுத்த ஓவியங்களில் பெரும்பாலானவை 1866இல் லண்டனுக்கு அருகே கிரிஸ்டல் பேலஸ் தீ விபத்தில் அழிந்தன. பிறகு பம்பாய் கலைப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ், தம் மாணவர்களோடு 1872 முதல் 1885 வரை மீண்டும் படியெடுத்தார். அவற்றிலும் பல 1885இல் சவுத் கென்சிங்டனில் தீக்கிரையாயின. எஞ்சியவற்றைக் கொண்டு 1896–97இல் அவருடைய இரு பெருந்தொகுதிகள் வெளிவந்தன. அதன்பின் குலாம் யஸ்தானியின் அஜந்தா தொகுதிகள், ஐதராபாத் நிஜாம் அரசின் ஆதரவில் 1930 முதல் 1955 வரை நான்கு பகுதிகளாக வந்தன. கால் நூற்றாண்டுத் திட்டம் அது. எந்தத் தனிப் பதிப்பாளரும் தம் முதலீட்டை அவ்வளவு காலம் முடக்கிவைத்திருக்க முடியாது. அஜந்தாவின் பல பகுதிகள் அன்று எப்படி இருந்தன என்று அறிய இன்றும் ஆய்வாளர்கள் நாடுவது இத்தொகுதிகளைத்தான்.

வங்காளம் வேறொரு வழியைக் கண்டது. ராமானந்த சட்டர்ஜி 1901இல் தொடங்கிய ‘பிரபாசி’யிலும், 1907இல் தொடங்கிய ‘மாடர்ன் ரிவ்யூ’விலும் வண்ண ஓவியங்களை அச்சிட்டார். அதே காலத்தில் கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, புள்ளியச்சு முறையில் உலகம் கவனித்த ஆய்வுகளைச் செய்துகொண்டிருந்தார். சந்தா என்பது ஆயிரக்கணக்கானோரின் முன்பணம். ஓவிய அச்சின் செலவு அவர்களிடையே சிறு சிறு துளிகளாகப் பகிரப்பட்டது. தமிழிலும் இதற்கு இணையான முயற்சி உண்டு. ‘ஆனந்த விகட’னில் சில்பி வரைந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடர், கோயிற் சிற்பங்களைக் கோட்டோவியங்களாக வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்தது. வார இதழின் பெரும் விற்பனை இல்லாமல் அது நடந்திருக்காது. ஆக, ரசனை இல்லாத சமூகம் அல்ல நாம். செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருந்தபோது தமிழ் வாசகர் கலையை வரவேற்றே இருக்கிறார்.

மூன்றாவது வழியைச் சென்னையே காட்டியிருக்கிறது. தாரா பதிப்பகம் கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோரின் மர ஓவியங்களைக் கறுப்பு நிறக் கைவினைத் தாளில், பட்டுத்திரை அச்சில், கையாலேயே அச்சிட்டுக் கையாலேயே தைத்து, ‘மரங்களின் இரவு வாழ்க்கை’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 2006இல் வெளியிட்டது. 2008இல் போலோனியா சிறார் நூல் கண்காட்சியின் பரிசைப் பெற்ற அந்நூல், பல மொழிகளில் வந்துள்ளது. படம் மாறுவதில்லை; சொல் மட்டும் மாறுகிறது. எல்லா மொழிப் பதிப்புகளும் சேர்ந்து முதல் படியின் செலவைச் சுமக்கின்றன.

இதே தர்க்கம் ஆஃப்செட் நூலுக்கும் பொருந்தும். எழுத்து முழுவதையும் கறுப்பு மையில் மட்டும் அமைத்தால், மொழி மாறும்போது மாற வேண்டியவை கறுப்புத் தட்டுகள் மட்டுமே. மேலே சொன்ன 96 தட்டுகளில் அவை 24. மீதி 72 தட்டுகளும் படங்களும் நிறத் திருத்தமும் அப்படியே பயன்படும். ஆங்கிலப் பதிப்பு அச்சாகும் அதே வாரத்தில், அதே எந்திரத்தில், தமிழ்ப் பதிப்பையும் அச்சிடக் கூடுதலாகத் தேவைப்படுவது மொழிபெயர்ப்பாளரின் ஊதியமும் 24 தட்டுகளும் தாளும்தான். தமிழகத்துச் சுவரோவியங்களைப் பற்றிய ஆங்கில நூலுக்குப் பொதுப்பணம் ஒரு ரூபாய் செலவிடப்பட்டாலும், தமிழ்ப் பதிப்பு உடன் வர வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

அரசு செய்யக்கூடியவை

இங்கே அரசின் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும்? ஓவிய நூலின் செலவை இரண்டாகப் பிரித்தால் விடை தெளிவாகும். சுவரோவியத்தைத் தரமாகப் படமெடுப்பது பொதுப்பண்டம். ஒருவர் அந்தப் படத்தைப் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைவதில்லை. அதைச் சந்தை போதிய அளவில் தராது. அந்தப் படங்களைக் கொண்டு அழகிய நூலை ஆக்குவது பதிப்பாளரின் திறமை. அதில் போட்டி இருந்தால்தான் தரம் உயரும். ஆகவே, முன்னதை அரசு செய்ய வேண்டும். பின்னதைத் தனியாருக்கு விட்டுவிட வேண்டும்.

முதலாவதாக, இந்து சமய அறநிலையத் துறையும் தொல்லியல் துறைகளும் சேர்ந்து, திருவாரூர், திருப்புடைமருதூர், சிதம்பரம் சிவகாமசுந்தரி அம்மன் சன்னதி, இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் போன்ற இடங்களின் சுவரோவியங்களை நிற அளவுகளோடு உயர்தரத்தில் படமெடுத்து, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும்படி வெளியிட வேண்டும். 300 ஆண்டுக்கு முந்தைய ஓவியத்துக்குப் பதிப்புரிமை இல்லை. படத்துக்கு உண்டு, படமெடுக்கும் அனுமதிக்கும் தடை உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017இல் தன்னிடமுள்ள பதிப்புரிமை காலாவதியான கலைப்பொருள்களின் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையுமின்றிப் பொதுவில் வைத்தது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

இரண்டாவதாக, முன்கொள்முதல் உறுதி. தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாக 1948இல் பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்துகிறோம். ஓர் ஓவிய நூலின் 2,000 படிகளைப் படிக்கு 900 ரூபாய் வீதம் வாங்குவதாக நூலகத் துறை முன்கூட்டியே உறுதியளித்தால் அரசுக்கு ஆகும் செலவு 18 லட்சம் ரூபாய். என் எடுத்துக்காட்டுக் கணக்கின்படி 3,000 படிகளின் மொத்தச் செலவு 23.5 லட்சம். மீதி 5.5 லட்சத்தை 1,000 படிகள் ஈட்டினால் போதும். அதாவது படிக்கு 550 ரூபாய். விற்பனைக் கழிவைச் சேர்த்தாலும் கடையில் 920 ரூபாய்க்கு விற்கலாம். நியாயமான இலாபம் சேர்த்தால் 1,100 ரூபாய். உறுதி இல்லாதபோது 500 படிகளே அச்சிடத் துணியும் பதிப்பாளர், அதே நூலுக்கு 4,000 ரூபாய்க்கு மேல் விலை வைக்க நேர்கிறது. ஆண்டுக்குப் பத்து நூல்கள் என்றாலும் அரசின் செலவு இரண்டு கோடி ரூபாயைத் தொடாது.

மூன்றாவதாகத்தான் வரி. பதிப்பாளர்களுக்கு உள்ளீட்டு வரியைத் திருப்பித் தரும் வகையில், உள்நாட்டு நூல் விற்பனையையும் பூச்சிய வீத வழங்கலாக ஆக்கும்படி ஜிஎஸ்டி மன்றத்தில் தமிழ்நாடு கோரிக்கை வைக்க வேண்டும். கிடைத்தால் எல்லா வகை நூல்களுக்கும் நன்மை. ஆனால், அது கிடைக்கும் வரை மற்ற இரண்டையும் நிறுத்திவைக்கத் தேவையில்லை. அவை மாநிலத்தின் அதிகாரத்துக்குள்ளேயே உள்ளவை.

எழக்கூடிய மறுப்புகள்

அரசு வாங்குகிறது என்றாலே தரம் தாழும், வேண்டியவர்களுக்கு ஆணை போகும் என்ற அச்சம் நியாயமானது. பக்கத்தையும் பாரத்தையும் எண்ணி விலை வைக்கும் கொள்முதல் முறை ஓவிய நூலுக்குப் பொருந்தாது. அம்முறையில் நல்ல தாளும் தைத்த கட்டும் நட்டத்தையே தரும். எனவே, இவ்வகை நூல்களுக்குத் தனி விதி வேண்டும். ஓவியர், அச்சு வல்லுநர், கலை வரலாற்று ஆய்வாளர் ஆகியோர் கொண்ட சுழற்சிக் குழு ஒன்று, ஒரு முழு பாரத்தின் வண்ண மெய்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டு ஏற்றபின்பே உறுதி நடைமுறைக்கு வர வேண்டும். தேர்வின் காரணங்களையும் நிராகரிப்பின் காரணங்களையும் பொதுவில் வெளியிட வேண்டும். படங்கள் எல்லாருக்கும் திறந்திருக்கும் நிலையில், ஒரே பதிப்பாளர் ஏகபோகம் செய்ய வழியிராது.

‘ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடநூலே போதாதபோது ஓவிய நூலா?’ என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. பணம் படைத்தவரின் பிள்ளை அருங்காட்சியகத்துக்குப் போகும். விலையுயர்ந்த ஆங்கில நூலையும் வாங்கிக்கொள்ளும். கிளை நூலகத்தை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைக்குத்தான் இந்த நூல் அங்கே கிடைக்க வேண்டியிருக்கிறது. விலை 4,000 ரூபாயாக இருக்கும்வரை ஓவியக் கல்வி வசதி படைத்தவர்களின் சொத்தாகவே நீடிக்கும். முன்கொள்முதல் உறுதியை மேட்டுக்குடிக்கான மானியம் என்று கருதுவது, அது யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதைப் பாராமல் சொல்வதாகும்.

‘எல்லாம் கைப்பேசித் திரையில் கிடைக்கும்போது அச்சு நூல் எதற்கு?’ என்றும் கேட்கலாம். திரையில் படங்கள் கிடைக்கட்டும். நான் முதலில் கோருவதே அதைத்தான். ஆயினும், ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு நிறத்தைக் காட்டுகிறது. வல்லுநர்கள் மூலத்தோடு ஒப்பிட்டு ஏற்றுக்கொண்ட நிறத்தை ஆண்டுக்கணக்கில் சுமந்து நிற்பது நல்ல அச்சு. இணையதளம் ஒன்று பராமரிப்பின்றி ஒரே நாளில் மறையலாம். நான்காயிரம் நூலகங்களில் பரவிக் கிடக்கும் நூல் ஒரே நாளில் மறையாது. அஜந்தாவின் படிகள் இரண்டு முறை எரிந்ததற்குக் காரணம், அவை ஒரே கூரையின் கீழ் இருந்ததுதான். இடரைப் பரவலாக்குவது என்று பொருளாதாரம் சொல்வதைத்தான் அச்சுக்கலை ஐந்து நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறது.

காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை என்பதே இதில் அவசரம். திருப்பணி என்ற பெயரில் வெள்ளையடிக்கப்பட்ட சுவர்களும், மணல் வீச்சில் தேய்ந்த கற்களும் நம் கோயில்களில் ஏற்கெனவே உண்டு. கூரை ஒழுக்கும் விளக்குப் புகையும் ஈரமும் எஞ்சிய ஓவியங்களை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. இன்று படமெடுக்கப்படாத ஒரு சுவரைப் பத்தாண்டு கழித்து எவ்வளவு பணம் கொடுத்தாலும் மீட்க முடியாது. பொருளாதாரத்தில் தள்ளிப்போடக்கூடிய செலவுகள் பல உண்டு. இது அவற்றுள் ஒன்றன்று.

சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியின் வழியே தமிழ் நூல்களைப் பிற மொழிகளுக்குக் கொண்டுசெல்ல மொழிபெயர்ப்பு மானியம் வழங்கும் அரசு, உலகத்துக்குத் தமிழைக் காட்டும் பணியைத் தொடங்கியிருக்கிறது. தமிழருக்குத் தம் ஓவியங்களைக் காட்டும் பணியும் அதே அளவு தேவை. வரும் நிதிநிலை அறிக்கையில் இரண்டு கோடி ரூபாய் ஒதுக்கி, முதல் ஆண்டின் பத்து நூல்களை அறிவிக்கலாம். அந்தப் பட்டியலின் முதல் பெயராக, ஓவியத்தின் கீழ் எழுதப்பட்ட தமிழ் வரிகளைத் தமிழிலேயே வாசித்துக் காட்டும் ஒரு திருவாரூர் நூல் இருக்கட்டும்.